எங்களால் ஆனதையெல்லாம் செய்துவிட்டோம்

லிஃப்ட் கம்பெனியின் புகார் மேஜையில் இரண்டு போன்கள் இருந்தன. கறுப்பு போன் தமிழுக்கு, வெள்ளை போன் இங்கிலீஷுக்கு. கறுப்பு போனை எடுக்கிறவள் ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். வெள்ளை போனை எடுக்க வருகிறவர்களோ முதல் நாளே நிரந்தரம். அவர்கள் வருவார்கள், ஆறு மாதம் ஒயிலாக "ஹலோ" சொல்வார்கள், பிறகு இன்னும் பெரிய கம்பெனியில் இன்னும் பெரிய "ஹலோ" சொல்லப் போய்விடுவார்கள். இவள் மட்டும் வருஷக் கடைசியில் மேனேஜர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "சார், என் விஷயம்..." என்று இழுப்பாள். "பார்க்கலாம்கா" என்பார் மேனேஜர். ஒன்பது தடவை பார்க்கலாம் என்ற மனிதர் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டுமே! ஊஹூம்.

வீட்டிலும் இதே பாட்டுதான். அவள் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக். ரிப்பேர் பிரிவில் இருபத்தொரு வருஷ சர்வீஸ், அசைக்க முடியாத நிரந்தரம். மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்பதில் தொடங்கி எந்தச் சண்டை வந்தாலும், கடைசியில் அவர் சட்டைப் பையிலிருக்கும் டெஸ்டரைத் தட்டிக்கொண்டு, "இந்த வீட்டுல நான்தான் நிரந்தரம். தற்காலிகமெல்லாம் கொஞ்சம் அடக்கி வாசிக்கணும்" என்பார். அவளும் சிரித்துவிடுவாள். சிரித்தாளே தவிர, அது ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் தைத்தது.

இந்த நிலையில் வெள்ளை போன் மறுபடியும் அநாதையானது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் வருமாக்கா?"

"வரும் சார்" என்றாள். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள்.

"அப்ப மூணு மாசம் ரெண்டு போனையும் நீங்களே பாருங்க. சமாளிச்சீங்கன்னா நிரந்தரம். இல்லேன்னா ரெண்டுக்கும் சேர்த்து வெளியில இருந்து ஒரே ஆளா எடுத்துடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

ஆக, கிடைத்தால் நிரந்தரம், கிடைக்காவிட்டால் இருக்கிற தற்காலிகமும் போச்சு.

இங்கிலீஷ் வரும் என்று அவள் சொன்னது முழுப் பொய்யில்லை. அதற்குக் காரணம் வீட்டு ரிமோட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேனல் மாற்றுகிற பட்டன் உள்ளே அமுங்கிப்போய், டிவி ஓர் இங்கிலீஷ் சேனலில் போய் மாட்டிக்கொண்டது. டிவியின் பக்கவாட்டில் இருந்த பட்டன்கள் அதற்கும் முன்னாலேயே உயிரை விட்டிருந்தன. ஊரார் லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற மகராசனுக்கு வீட்டு ரிமோட்டைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. "ஞாயித்துக்கிழமை பாக்கறேன்" என்றார். நூறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அந்தச் சேனலில் தினமும் மாலை ஏழு மணிக்கு ஓர் ஆஸ்பத்திரித் தொடர். வேறு வழியில்லாமல் பார்க்க ஆரம்பித்தவள், மூன்றாம் வாரத்தில் வழியிருந்தாலும் அதைத்தான் பார்ப்பாள் என்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

கீழே இங்கிலீஷிலேயே எழுத்து ஓடும். பழைய சர்வீஸ் ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தைத் தைத்து ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டு, காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் சேர்த்து எழுதிவைத்தாள். 'காட்டை விட்டு இன்னும் வெளியே வரவில்லை' என்றால் ஆபத்து நீங்கவில்லை என்று பொருள். 'தொட்டுக்கொண்டு போகிறது' என்றால் பிழைத்தால் உண்டு.

"டவுனு ஆஸ்பத்திரில காடு எங்கேருந்துடி வந்துச்சு?" என்று மெக்கானிக் கேட்பார்.

"உங்களுக்கு என்ன தெரியும், நட்டையும் போல்டையும் கட்டிக்கிட்டு அழறவருக்கு" என்பாள் அவள்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே கற்றுக்கொண்டாள். உச்சரிப்புச் சுத்தம், இலக்கணம் சுத்தம். ஆனால் கற்றுக்கொண்ட இடம் அப்படி! அந்தத் தொடரில் யாரும் யாரிடமும் சாதாரணச் செய்தி சொன்னதே கிடையாது. ஒரு ரத்தப் பரிசோதனை முடிவைக்கூடப் பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, ஒரு பெருமூச்சு விட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார். இங்கிலீஷில் ஒருவருக்கு ஒரு விஷயத்தைத் தெரிவிப்பது என்றாலே இதுதான் மரியாதை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவளுக்கு வாய்த்த வாத்தியார் அவர்தான்.

வெள்ளை போனில் வந்த முதல் அழைப்பு ஓர் அலுவலகக் கட்டடத்தின் செயலாளரிடமிருந்து. கத்துவதற்குப் பேர்போன மனிதர். லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இல்லை, ஆனாலும் என்ன கம்பெனி இது என்று ஆரம்பித்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய டாக்டர் வந்து நின்றார்.

"சார், ஆர் யூ ஸிட்டிங் டவுன்?" என்று கேட்டாள், குரலை அடியோடு தாழ்த்தி.

அந்தப் பக்கம் கத்தல் நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஐ வில் பி ஆனஸ்ட் வித் யூ. இட் இஸ் டச் அண்ட் கோ. அவர் டீம் இஸ் வித் ஹிம் நௌ."

டீம் என்பது அவள் வீட்டுக்காரரும் அவருடைய ஸ்பேனர் பையும். ஹிம் என்பது லிஃப்ட். தொடரில் மேஜைமேல் படுத்திருந்தவர்கள் எல்லோரும் ஹிம் அல்லது ஹெர்தான். இட் என்று யாரையும் சொல்லி அவள் கேட்டதேயில்லை. கடைசியில் ஒரு நிறுத்தம் கொடுத்து, அவளுக்கு மிகவும் பிடித்த அந்த வாக்கியத்தையும் சொன்னாள். "வி ஆர் டூயிங் எவ்ரிதிங் வி கேன்." எங்களால் ஆனதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம்.

செயலாளர், இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து வராத மெல்லிய குரலில், "தேங்க் யூ ஃபார் டெல்லிங் மீ" என்றார். கண்ணாடி அறைக்குள் இன்னொரு போனில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார்.

சாயங்காலம் மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். "ஒரு ரிலே ஸ்விட்ச் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. சுரண்டி விட்டேன், ஜம்முனு ஓடுது. அதுக்கு அந்தச் செக்ரட்டரி என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, 'ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா'ன்னு கேக்கறாருடி. லிஃப்டுடி அது! அதுக்கென்ன கஷ்டம்?"

"இங்கிலீஷ்ல பேசறவங்க அப்படித்தாங்க. மென்மையானவங்க" என்றாள் அவள்.

அந்த வாரக் கடைசியில் அதே கட்டடத்தார் புது லிஃப்டுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். பழையதை இந்த நிலைமையில் வைத்துக்கொண்டு இழுத்தடிக்க மனசு வரவில்லை என்றார்களாம். அடுத்த வாரம் இன்னோர் இடம். அதற்கடுத்த வாரம் இரண்டு. கம்பெனியில் விற்பனை பார்க்கிறவர் ஒருவர் உண்டு. கழுத்தில் டையில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லையாதலால் டைக்காரர் என்றே பெயர். இவ்வளவு நாளும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது அவள் வெள்ளை போனை வைத்த கால் மணி நேரத்தில் கேட்லாக்கோடு அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்றார். போன இடத்திலெல்லாம் கையெழுத்து விழுந்தது. ஆபீஸே அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நடையே மாறிவிட்டது. போனை எடுக்குமுன் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்துக்கொள்வாள்.

மெக்கானிக்குக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. "நான் ஓடவிட்டுட்டு வர்ற லிஃப்டையெல்லாம் ஒரு வாரத்துல கழட்டிப் போடறாங்க. என்னதாம்மா நடக்குது அங்க?"

"உங்க வேலை அவ்வளவு லட்சணம்" என்று அவள் கிண்டலடித்தாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல சந்தோஷம். வீட்டில் முதல்முறையாக ஒரு சண்டையில் அவள் ஜெயித்திருந்தாள்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. அப்போதுதான் கறுப்பு போனில் ஓர் அம்மாள் கூப்பிட்டாள். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலாம் மாடிக்காரி. குரலில் வயசு தெரிந்தது, நடுக்கம் இல்லை.

"நேத்து எங்க சங்கத்து மீட்டிங்ல ஸ்பீக்கர்ல போட்டாங்களே, இங்கிலீஷ்ல பேசினது நீங்கதானேம்மா?"

"ஆமாங்கம்மா, நான்தான்."

"நல்ல இங்கிலீஷ். கோர்ட்டுல இருபத்தஞ்சு வருஷம் மொழிபெயர்ப்பு பார்த்தவ சொல்றேன், ஒரு தப்புகூட இல்லை."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தாள். அந்த அம்மாள் விடவில்லை.

"ஆனா ஒண்ணு. என் வீட்டுக்காரர் போன அன்னிக்கு, ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டு டாக்டர் என்கிட்ட சொன்ன வார்த்தைம்மா அது. அதே வார்த்தை, அதே குரல். கேட்டதும் எனக்குக் கையெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. யாருக்கு என்ன ஆச்சோன்னு பதறிப் பார்த்தா, லிஃப்டு! இங்க எல்லாருக்கும் அழுகை வராத குறை. புது லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நான் மட்டும் போடலை. உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. நிஜமாவே அது பிழைக்காதாம்மா?"

அந்த லிஃப்டைப் பற்றி முந்தைய நாள்தான் மெக்கானிக் கை கழுவிக்கொண்டே சொல்லியிருந்தார். கதவு ரோலர் தேய்ந்துபோயிருக்கிறது, மாற்றினால் இன்னும் பத்து வருஷத்துக்கு யாரும் அதன் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று. அதைச் சொல்ல நாலு வார்த்தை போதும். அவள் நிமிர்ந்தாள். எதிரே கண்ணாடி அறையில் மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேஜைமேல் அவள் பெயர் டைப் அடித்த நிரந்தர ஆர்டர் பாரம் வைக்கப்பட்டுக் கிடந்தது. நேற்றே அதை அவள் பார்த்துவிட்டாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"டெக்னிக்கல் விஷயம் எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றாள். பிறகு, "எங்களால ஆனதையெல்லாம் செஞ்சுட்டோம்" என்றாள்.

அந்த வாக்கியத்தை அவள் தமிழில் சொன்னது அதுதான் முதல் தடவை. இங்கிலீஷில் எத்தனை முறை சொல்லியிருப்பாள், அப்போதெல்லாம் அது ஒரு மரியாதை. தமிழில் சொன்னதும் வாசலில் யாரையோ கிடத்தியிருக்கிற மாதிரி இருந்தது.

"சரிம்மா. அப்ப நானும் போட்டுடறேன்" என்று அந்த அம்மாள் போனை வைத்தாள்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்படியொரு வெட்கம். காது மடல்கூடச் சுட்டது. எழுந்து நேரே கண்ணாடி அறைக்குள் போனாள்.

"சார், நான் பேசற விதத்தைக் கொஞ்சம் மாத்திக்கலாம்னு பாக்கறேன்."

"ஐயையோ! ஒரு எழுத்தைக்கூட மாத்திடாதீங்கக்கா."

"அந்த லிஃப்டு ரோலர் மாத்தினா ஓடும்னு மெக்கானிக் சொன்னாரு சார்."

"அவருக்கு என்னக்கா, எல்லாமே ஓடும். சரி, நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க என்ன, பொய்யா சொன்னீங்க? ஓடாதுன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வந்துச்சா? வருத்தப்பட்டீங்க. வாடிக்கையாளருக்காக வருத்தப்படறது ஒரு தப்பா?"

நோட்டு முழுக்கத் தேடினாலும் அதற்கு ஒரு பதில் கிடைத்திருக்காது. அந்தத் தொடரில் பெரிய டாக்டரை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. ஒரு வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவோம், ஆர்டர் கைக்கு வந்த மறுநாளே எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு வாரத்தில் மூன்று லிஃப்டுகளுக்காக வருத்தப்பட்டாள். மூன்றும் போயின.

கடைசி நாள், ஆபீஸ் மூடுகிற நேரத்தில், எல்லோரும் கைதட்ட, மேனேஜர் ஆர்டரை நீட்டினார். நிரந்தரம்! அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருஷம் என்றால் சும்மாவா? கூட்டம் கலைந்ததும் மேனேஜர் கதவைச் சாத்தினார். ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"கொஞ்சம் உட்காருங்கக்கா" என்றார்.

இந்த வார்த்தைக்கு அடுத்து என்ன வரும் என்று இந்த உலகத்தில் அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் உட்கார்ந்தாள்.

"புது லிஃப்டுங்களைத் தயாரிக்கறவங்களே அஞ்சு வருஷத்துக்குப் பராமரிப்பும் பாத்துக்கறாங்க. பழசு ஏறக்குறைய எல்லாம் போயிடுச்சு, உங்க புண்ணியத்துல. ரிப்பேர் பிரிவு இனிமே தேவைப்படாதுன்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. ஆறு பேரு." ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "நாளை மத்தியானத்துக்குள்ள சொல்லிடணும். நான் சொன்னா சண்டைக்கு வருவாங்க. நீங்க சொன்னா மனுஷன் அடங்கிப் போயிடறான், நானே காதால கேட்டிருக்கேன். இந்த மாதிரி விஷயங்களுக்கு நம்ம கம்பெனியில ஒரு நிரந்தரமான ஆள் வேணும்னுதான் மேலிடத்துல பேசி உங்களுக்கு வாங்கினேன்."

சர்வீஸ் வரிசைப்படி பெயர் போட்டிருந்தது. முதல் பெயர் அவள் வீட்டுக்காரருடையது.

"சார், இது எங்க..."

"தெரியுமேக்கா. ஒரு விதத்துல உங்களுக்கு அது சுலபம். வீட்டுலயே முடிஞ்சுடும்."

"நான் சொல்லலைன்னா சார்?"

"அப்ப வெளியில இருந்து ஒரு ஆளு எடுக்கணும்" என்றார் மேனேஜர், மிகுந்த வருத்தத்தோடு. அவரும் மூன்று மாதமாக இன்னொரு போனில் பாடம் கேட்டவர்தானே.

ஒரு கையில் ஆர்டரும் இன்னொரு கையில் பட்டியலுமாக அவள் வீடு வந்து சேர்ந்தபோது ஏழு மணி தாண்டியிருந்தது. சாப்பாட்டு மேஜைமேல் செய்தித்தாளை விரித்துக்கொண்டு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். காதில் டெஸ்டர். எதிரே ரிமோட் வயிறு பிளந்து கிடந்தது. அவளைக் கண்டதும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"வந்துட்டாங்கப்பா நிரந்தரம்! எனக்கு ஒர்க்ஷாப்புலயே தெரிஞ்சுபோச்சு. இனிமே இந்த வீட்டுல ரெண்டு பேருமே நிரந்தரம், உன்னை ஒண்ணும் சொல்லி வாயடைக்க முடியாது. இந்தா, உனக்கு என்ன குடுக்கறதுன்னு யோசிச்சேன். ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தியே..." ரிமோட்டை மூடி, திருகாணியை முறுக்கி, அவள் பக்கம் ஆட்டிக் காட்டினார். "எல்லாப் பட்டனும் வேலை செய்யுது. எந்தச் சேனல் வேணும்னாலும் பாரு."

டிவியில் அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வராண்டாவுக்கு வந்தார். அங்கே ஒரு பெண் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் அவள் டாக்டரைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். டாக்டர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணின் வாய் திறந்தது. விளம்பரம் வந்துவிட்டது.

எப்போதும் அங்கேதான் விளம்பரம் வரும். விளம்பரம் முடிந்து வந்தால் வேறு அறை, வேறு நோயாளி. அதைக் கேட்டவர்கள் அதற்கப்புறம் என்ன செய்தார்கள், சொன்னவர் அங்கேயே நின்றாரா, எத்தனை நேரம் நின்றார், என்ன பேசினார் என்று அந்தத் தொடர் ஒருநாளும் காட்டியதில்லை. அவளும் யோசித்ததில்லை. நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

"ஏங்க" என்றாள். "கொஞ்சம் உட்காருங்க."

"உட்கார்ந்துதானே இருக்கேன்?"

தமிழில் எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த இடத்துக்கே ஓடினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐ'ம் ஸோ சாரி. வி டிட் எவ்ரிதிங் வி குட்" என்றாள்.

மெக்கானிக் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அடேயப்பா! டாக்டரம்மா வீட்டுலயும் ஆரம்பிச்சாச்சா? எந்த லிஃப்டு இன்னிக்கு?"

அவள் சிரிக்கவில்லை. பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர் பார்வை அவள் முகத்திலிருந்து அந்தத் தாளுக்குப் போய், மறுபடியும் முகத்துக்கு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. ரிமோட்டை எடுத்து ஒரு பட்டனை அழுத்தினார். புதிதாகச் சரிசெய்த பட்டன், ஒரே அழுத்தில் டிவி வாயை மூடிக்கொண்டது. விளம்பரத்தில் யாரோ சத்தமில்லாமல் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லும்மா" என்றார்.